ஆசியாவுக்குப் போகும் வழி பள்ளித் திடலில் தொடங்குகிறது

2013 ஆகஸ்ட் மாதம், மணிலா. ஆசியக் கூடைப்பந்துச் சாம்பியன்ஷிப்பில் மலேசியா சீனாவைச் சந்தித்தது. நாற்பது நிமிட ஆட்டம் முடிந்தபோது சீனா 113, மலேசியா 22. அதே போட்டியில் ஈரான் நம்மீது 115 புள்ளிகளைக் குவித்தது. நமக்குக் கிடைத்தவை 25.

அந்த இளைஞர்களைக் குறைசொல்ல இந்த எண்களை எடுத்து வைக்கவில்லை. எதிரே நின்றது, அமெரிக்காவின் என்பிஏ லீகில் ஆடிய முதல் சீனரான ஏழடி வாங் ஜிஜி இடம்பெற்றிருந்த அணி. நம் ஆட்டக்காரர்கள் அந்தத் திடலில் கால் வைத்ததே பெரிய காரியம். தென்கிழக்காசியத் தகுதிச் சுற்றைக் கடந்த பிறகுதான் அங்கே போனார்கள். ஆனால் வட்டாரத்தைத் தாண்டியதும் ஆசியாவின் உயரம் என்ன என்பதை அந்த இரண்டு ஆட்டங்களும் காட்டிவிட்டன. மனத்தை உறுத்துவது வேறொன்று. இதே மலேசியா ஒரு காலத்தில் ஆசியாவின் முதல் நான்கு அணிகளில் ஒன்றாக இருந்தது.

1985 டிசம்பர் 28 முதல் 1986 ஜனவரி 5 வரை ஆசியச் சாம்பியன்ஷிப் கோலாலம்பூரில் நடந்தது. ரான் ஜேக்கப்ஸ் பயிற்சியளித்த பிலிப்பைன்ஸ் கோப்பையை வென்றது. தென்கொரியா இரண்டாவது, சீனா மூன்றாவது, மலேசியா நான்காவது. சொந்த மண்ணின் பலம் அதில் இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் சொந்த மண் மட்டும் காரணமாக இருந்திருந்தால் 1979இல் ஜகார்த்தாவில் தென்கிழக்காசிய நாடுகளின் சீ விளையாட்டுப் போட்டியின் தங்கத்தை நாம் வென்றிருக்க முடியாது. 1989இல் கோலாலம்பூரில் மறுபடியும் தங்கம் வென்றோம். சீ விளையாட்டு ஆண்கள் கூடைப்பந்தில் பிலிப்பைன்ஸைத் தங்கத்திலிருந்து தள்ளி நிறுத்துவது எவ்வளவு அரிது என்பது விளையாட்டு ரசிகர்களுக்குத் தெரியும். அதை இரண்டு முறை செய்த நாடு நம்முடையது.

அங்கிருந்து 22 புள்ளிகளுக்கு எப்படி வந்து சேர்ந்தோம்?

ஒரு காரணம், வட்டாரத் தகுதிச் சுற்று இயங்கிய விதம். தென்கிழக்காசியக் கூடைப்பந்துச் சங்கத்தைச் சீபா என்று அழைக்கிறோம். ஆசியச் சாம்பியன்ஷிப்புக்கு நம் வட்டாரத்திலிருந்து யார் போவது என்பதை நீண்ட காலம் சீபா சாம்பியன்ஷிப்தான் தீர்மானித்தது. பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா, தாய்லாந்து, சிங்கப்பூர், மலேசியா முதலிய அணிகள் ஓர் ஊரில் கூடும். சில நாட்களில் முடிவு தெரிந்துவிடும். வட்டாரத்துக்கு ஓர் இடம் மட்டும் கிடைத்தால் பெரும்பாலும் அது பிலிப்பைன்ஸுக்குத்தான். மற்றவர்கள் கூடுதல் இடத்துக்காகக் காத்திருக்க வேண்டும். 2013இல் பிலிப்பைன்ஸே போட்டியை ஏற்று நடத்தியதால் அதற்கு நேரடி இடம் கிடைத்தது. சீபா வழியாகத் தாய்லாந்தும் மலேசியாவும் உள்ளே போயின. 2015இல் சீனாவின் சாங்ஷாவில் நடந்த போட்டிக்கு பிலிப்பைன்ஸுடன் சிங்கப்பூரும் மலேசியாவும் போயின.

ஆசியாவின் உச்ச மேடையில் மலேசிய ஆண்கள் அணி கடைசியாக நின்றது அந்த 2015இல்தான்.

2017 மே மாதம் மெட்ரோ மணிலாவின் அரனெட்டா அரங்கில் ஏழு நாடுகள் சீபா சாம்பியன்ஷிப்பில் ஆடின. ஒரே ஓர் இடம். சோட் ரேயஸ் பயிற்சியளித்த பிலிப்பைன்ஸ் ஆறு ஆட்டங்களையும் வென்றது. மியன்மாரை 147-40, சிங்கப்பூரை 105-45, மலேசியாவை 106-51, தாய்லாந்தை 108-53, வியட்நாமை 115-44, இந்தோனேசியாவை 97-64 என்று தோற்கடித்தது. ஆக நெருக்கமான ஆட்டத்திலேயே வித்தியாசம் 33 புள்ளிகள். குடியுரிமை பெற்ற வெளிநாட்டவர் ஒருவரை ஒவ்வோர் அணியும் சேர்த்துக்கொள்ள உலகக் கூடைப்பந்துச் சம்மேளனமான ஃபிபா அனுமதிக்கிறது. பிலிப்பைன்ஸ் அந்த இடத்தில் என்பிஏவில் பல ஆண்டுகள் ஆடிய ஆண்ட்ரே பிளாட்சேயை இறக்கியது. ஆனால் தோல்வியைப் பிளாட்சேயின் தலையில் கட்டிவிட்டுப் போக முடியாது. அவர் ஓய்வெடுக்க உட்கார்ந்தாலும் அந்த அணி வென்றிருக்கும். பிலிப்பைன்ஸில் பட்டணமானாலும் கடலோரக் கிராமமானாலும் ஒரு கூடை இல்லாத குடியிருப்பைப் பார்ப்பது கடினம். வித்தியாசம் அங்கேதான் பிறக்கிறது.

அதன் பிறகு விதிகள் மாறின. இந்த மாற்றத்தைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். ஏனென்றால் நம்மைப் போன்ற நடுத்தர அணிகளை அதிகம் பாதித்தது இதுதான்.

முன்பு ஆசியச் சாம்பியன்ஷிப் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை நடந்தது. ஒருமுறை தவறினால் அடுத்த ஆண்டே மறுபடி வட்டாரச் சுற்றுக்குத் தயாராகலாம். இப்போது ஆசியக் கோப்பை என்ற பெயரில் நான்கு ஆண்டுக்கு ஒருமுறை. 2017இல் பெய்ரூட், கொவிட் காரணமாகத் தள்ளிப்போய் 2022இல் ஜகார்த்தா, 2025இல் ஜெட்டா. 20 வயதில் தவறவிட்ட இளைஞர் அடுத்த வாய்ப்புக்குள் 24ஐத் தொட்டுவிடுகிறார். வேலை, திருமணம், முழங்கால் காயம் எல்லாம் அந்த இடைவெளியில் வந்து நிற்கின்றன.

தகுதிச் சுற்றும் ஒரே ஊரில், ஒரே வாரத்தில் முடிவதில்லை. கீழ்நிலை அணிகள் முதலில் வட்டார முன்தகுதிச் சுற்றில் ஆடி ஏற வேண்டும். அதில் தேறியவர்கள் நான்கு அணிகள் கொண்ட பிரிவுகளில் சேர்கிறார்கள். பிறகு சொந்த ஊரில் ஓர் ஆட்டம், எதிரணியின் ஊரில் ஓர் ஆட்டம் என்று பிப்ரவரியிலும் நவம்பரிலும் மாறி மாறி ஆடுகிறார்கள். 2025 கோப்பைக்கான தகுதிச் சுற்றில் 24 அணிகள் ஆறு பிரிவுகளில் ஆடின. ஒவ்வொரு பிரிவிலும் முதலிரண்டு அணிகள் நேராக உள்ளே போகும். மூன்றாமிடம் பெற்ற ஆறு அணிகளும் எஞ்சிய நான்கு இடங்களுக்கு மறுபடி மோத வேண்டும்.

இந்த முறையில் நல்லதும் இருக்கிறது. சொந்த ஊர் மக்கள் தங்கள் தேசிய அணியைக் கண்முன்னே பார்க்கிறார்கள். ஆனால் விமானச் செலவு, அரங்கச் செலவு, ஆட்டக்காரர்களை வேலையிலிருந்து விடுவிக்கும் ஏற்பாடு என்று எல்லாம் கூடுகின்றன. ஒரு வாரம் கண்ணைமூடிக்கொண்டு போராடி வென்றுவிடலாம் என்ற காலம் முடிந்துவிட்டது. ஆண்டு முழுவதும் தயாராக இருக்கும் நாடுதான் தாக்குப்பிடிக்கும்.

மலேசியா இந்தப் புதிய ஏணியில் ஒருமுறை நன்றாக ஏறியது. 2021 கோப்பைக்கான முன்தகுதியைத் தாண்டி சீனா, ஜப்பான், சீன தைப்பே இருந்த பிரிவில் இடம்பெற்றோம். அங்கே கடைசி இடத்தைத் தாண்ட முடியவில்லை. 2025 கோப்பைக்கோ அந்த 24 அணிகளிலேயே நாம் இல்லை. இந்தோனேசியா இருந்தது, தாய்லாந்து இருந்தது. 2022 மே மாதம் ஹனோயில் பிலிப்பைன்ஸை வென்று சீ விளையாட்டுத் தங்கத்தைத் தட்டியதும் அதே இந்தோனேசியாதான். ஆக, வட்டாரத்தில் யாராலும் எழ முடியாது என்று சொல்லிக்கொள்ள நமக்கு வழியில்லை.

நம் நாட்டில் திறமை வற்றிப் போய்விட்டதா? இல்லை. 2016இல் ஆசியான் கூடைப்பந்து லீக் கோப்பையைச் சிங்கப்பூர் ஸ்லிங்கர்ஸை வீழ்த்திக் கைப்பற்றியது மலேசியா டிராகன்ஸ் அணி. திடல்களும் இருக்கின்றன. ஜொகூர் பாருவில் மாலை நேரத்தில் ஒரு சீனப் பள்ளியைக் கடந்து போனால் பந்து தரையில் மோதும் சத்தம் காதில் விழும். நாட்டிலேயே பெரிய சீனத் தனியார் உயர்நிலைப்பள்ளியான ஃபூன் இயூ இந்த நகரில்தான் 1913இல் தொடங்கப்பட்டது. மூவார், பத்து பகாட், குளுவாங், கூலாய் என்று ஜொகூரின் எந்த ஊருக்குப் போனாலும் சீனப் பள்ளியும் சங்கக் கட்டடமும் இருக்கும், பக்கத்திலேயே கூடையும் இருக்கும். அரசாங்கம் கொடுக்கட்டும் என்று சீனச் சமூகத்தினர் உட்கார்ந்திருக்கவில்லை. தங்கள் கைக்காசைப் போட்டு இந்த ஆட்டத்தை இந்நாட்டில் தலைமுறை தலைமுறையாகக் காப்பாற்றி வருகிறார்கள். மலேசியக் கூடைப்பந்து உயிரோடு இருப்பதற்கு அவர்களுக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும்.

அதே நேரத்தில் ஓர் உண்மையையும் சொல்லியாக வேண்டும். ஒரு சமூகத்தின் பிள்ளைகளை மட்டும் நம்பி ஒரு நாடு ஆசியாவை எட்டிப்பிடிக்க முடியாது. தேசிய அணியின் பட்டியலில் மலாய்ப் பெயரைப் பார்ப்பது அரிது. தமிழ்ப் பெயரைப் பார்ப்பது அதைவிட அரிது. காற்பந்து, ஹாக்கி, ஓட்டப்பந்தயம், பூப்பந்து, ஸ்குவாஷ் என்று நாட்டுக்காக ஆடிய தமிழர்களை எண்ணிக்கொண்டே போகலாம். ஓட்டவீரர் எம். ஜெகதீசன் முதல் ஸ்குவாஷ் வீராங்கனை எஸ். சிவசங்கரி வரை அந்த வரிசை நீளும். கூடைப்பந்துக்கு வந்தால் வரிசை அறுந்துவிடுகிறது. நம் பிள்ளைகளுக்கு உயரம் இல்லை, உடல்வாகு இல்லை என்று சிலர் காரணம் சொல்வார்கள். அதை நான் ஏற்கவில்லை. ஏற்க முடியாததற்குச் சென்னை சாட்சி.

2024 நவம்பர் 25. சென்னை நேரு உள்விளையாட்டரங்கம். 2025 ஆசியக் கோப்பைத் தகுதிச் சுற்றில் இந்தியா கஜகஸ்தானைச் சந்தித்தது. மூன்று நாள் முன்பு இதே அரங்கில் கத்தாரிடம் தோற்ற அணி அது. அன்று 88-69 என்று வென்றது. ஈரான், கத்தார், கஜகஸ்தான் ஆகியவை அடங்கிய பிரிவில் இந்தியா மூன்றாமிடத்தைப் பிடிக்க அந்த வெற்றி கைகொடுத்தது. பிறகு 2025 மார்ச்சில் நடந்த இறுதித் தகுதிச் சுற்றில் ஈராக்கையும் பஹ்ரைனையும் வீழ்த்தி ஜெட்டாவுக்குச் சீட்டு எடுத்தது.

ஜெட்டாவில் முதல் ஆட்டம் ஜோர்தானுடன். மேற்காசியாவின் பலம்வாய்ந்த அணிகளில் ஒன்றான ஜோர்தானைக் கூடுதல் நேரம் வரை இழுத்துச் சென்று 84-91 என்று தோற்றது இந்தியா. அடுத்து சீனாவிடமும் சவூதி அரேபியாவிடமும் பெரிய வித்தியாசத்தில் தோற்று வெளியேறியது. ஒரு வெற்றிகூட இல்லை. ஆனாலும் அந்த ஜோர்தான் ஆட்டத்தைப் பார்த்தவர்கள், தகுதிச் சுற்றில் பட்ட பாடு வீண்போகவில்லை என்றுதான் சொல்வார்கள். அந்த அணியில் தமிழ்நாட்டைச் சேர்ந்த முயின் பெக் ஹஃபீஸும் அரவிந்த் குமார் முத்துகிருஷ்ணனும் இருந்தார்கள்.

இந்தியாவின் கதையும் நம் கதையும் பல இடங்களில் ஒட்டி வருகின்றன. 1975இல் பாங்காக்கில் இந்தியா ஆசியாவின் நான்காமிடத்தைப் பிடித்தது. நாம் 1985இல். இரண்டு நாடுகளும் அதற்கு மேல் ஏறியதில்லை. நாம் சீபா வழியாக ஏறினோம், அவர்கள் தெற்காசியச் சங்கத்தின் தகுதிச் சுற்று வழியாக. 2015 சாங்ஷாவில் ஈரான், ஜப்பானோடு இந்தியாவும் மலேசியாவும் ஒரே பிரிவில் இருந்தன. நம்மை அவர்கள் வென்றார்கள். நம்மை 22 புள்ளிகளில் மடக்கிய சீனாவை, 2014 ஜூலையில் ஊகானில் நடந்த வேறொரு ஆசியப் போட்டியில் இந்தியா 65-58 என்று வீழ்த்தியது. அன்றும் பயிற்சியாளர் அமெரிக்கரான ஸ்காட் ஃபிளெமிங், சென்னையிலும் ஜெட்டாவிலும் அவரே.

தமிழ்நாட்டில் கூடைப்பந்து எப்படி வேரூன்றியது என்பதை நம் ஜொகூர்ப் பெற்றோர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். ஜேம்ஸ் நைஸ்மித் 1891இல் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில் ஒரு ஒய்எம்சிஏ பயிற்சிப் பள்ளியில் உருவாக்கிய ஆட்டம் இது. அதே ஒய்எம்சிஏ வழியாகத்தான் மதராஸுக்கும் வந்தது. ஹாரி குரோ பக் 1920இல் நிறுவிய ஒய்எம்சிஏ உடற்கல்விக் கல்லூரி பல தலைமுறை உடற்கல்வி ஆசிரியர்களை உருவாக்கியது. அவர்கள் ஊர் ஊராகப் பள்ளிகளுக்குப் போனபோது ஆட்டமும் கூடவே போனது.

பெரியகுளத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தேனி மாவட்டத்தில், மாந்தோப்புகளுக்கு நடுவே இருக்கும் சின்ன ஊர். அங்கே சில்வர் ஜூபிலி விளையாட்டுக் கழகம் பி.டி. சிதம்பர சூரியநாராயணன் நினைவாக அகில இந்தியக் கூடைப்பந்துப் போட்டியை ஆண்டுதோறும் கோடையில் நடத்தி வருகிறது. வங்கி அணி, ரயில்வே அணி, கடற்படை அணி என்று இந்தியாவின் முன்னணி அணிகள் அந்த ஊருக்கு வருகின்றன. மின்விளக்கு வெளிச்சத்தில் ஆட்டம் நடக்க, ஊரே திரண்டு உட்கார்ந்து பார்க்கிறது. கோயம்புத்தூரில் நாச்சிமுத்து கவுண்டர் கோப்பைக்கான போட்டியும் அப்படித்தான். மே மாத விடுமுறையில் தேசிய ஆட்டக்காரரைப் பத்தடி தூரத்தில் உட்கார்ந்து பார்த்த சிறுவன் மறுநாள் காலையில் பந்தைத் தேடிப் போவான். அதை எந்த விளம்பரமும் செய்துவிட முடியாது.

வேலை இன்னொரு பக்கம். இந்தியன் ஓவர்சீஸ் வங்கி, இந்தியன் வங்கி, ரயில் பெட்டித் தொழிற்சாலை போன்ற நிறுவனங்கள் ஆட்டக்காரர்களுக்கு வேலை கொடுத்து அணி வைத்திருந்தன. விளையாடினால் சோறு கிடைக்கும் என்று பெற்றோர் நம்பியதற்கு அதுவே காரணம். சென்னைப் பெண்ணான அனிதா பால்துரை தென்னக ரயில்வேயில் வேலை பார்த்துக்கொண்டே இந்தியப் பெண்கள் அணிக்குத் தலைமை தாங்கினார். 2021இல் பத்மஸ்ரீ விருது அவரைத் தேடி வந்தது.

பள்ளியில் ஓர் ஆசிரியர், ஊரில் ஒரு போட்டி, வளர்ந்தபின் ஒரு வேலை. தமிழ்நாட்டில் இம்மூன்றும் இருந்தன. தமிழ் உடம்புக்குக் கூடைப்பந்து வராது என்ற பேச்சு அங்கே எடுபடவில்லை.

ஜொகூரில் சுமார் 70 தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. பல பள்ளிகள் தோட்டத்தில் பிறந்தவை. சில இன்றும் செம்பனைத் தோட்டத்துக்கு நடுவில், சில மாசாய், ஸ்கூடாய் போன்ற நெரிசலான குடியிருப்புகளில். முழு அளவு காற்பந்துத் திடல் ஒரு சிலவற்றுக்கே உண்டு. கூடைப்பந்துக்கு வேண்டியது 28 மீட்டர் நீளம், 15 மீட்டர் அகலம். காற்பந்துத் திடல் ஒன்றில் பத்துக்கு மேற்பட்ட கூடைப்பந்துத் திடல்கள் அடங்கிவிடும். இடமில்லாத பள்ளிக்கு ஏற்ற ஆட்டம் இதுதான்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நம் பெண்பிள்ளைகள் பல தமிழ்ப்பள்ளிகளில் வலைப்பந்து ஆடுகிறார்கள். வலைப்பந்துத் திடல் 30.5 மீட்டர் நீளம், 15.25 மீட்டர் அகலம். அதாவது கூடைப்பந்துத் திடலைவிடச் சற்றே பெரியது. வளையத்தின் உயரம் இரண்டு ஆட்டத்துக்கும் ஒன்றே, 3.05 மீட்டர். பந்து எகிறும்படி தரை சமமாக இருந்தால் போதும், பலகை பொருத்திய கூடைகளை இரண்டு முனையிலும் நிறுத்தி அதே திடலில் கூடைப்பந்தும் ஆடலாம். வலைப்பந்தில் கைதேர்ந்த பெண்பிள்ளைகளுக்குப் பந்தைப் பிடிப்பதும் குறி பார்ப்பதும் ஏற்கனவே பழக்கம். பந்தைத் தட்டிக்கொண்டு ஓடுவதை மட்டும் கற்றுக்கொண்டால் பாதி வழி வந்துவிட்டார்கள். பையன்களுக்கும் அதே திடல்.

சின்னப் பிள்ளைகளுக்கு உயரமான கூடை எட்டாது என்ற கவலையும் வேண்டாம். 12 வயது வரையிலான பிள்ளைகளுக்கென்று சிறுவர் கூடைப்பந்து என்ற முறை உண்டு. கூடை 2.60 மீட்டர் உயரத்தில் இருக்கும், பந்து ஐந்தாம் எண் அளவுள்ள சின்னப் பந்து. தமிழ்ப்பள்ளியின் ஆறு ஆண்டுகளும் இந்த வயதுக்குள் அடங்கிவிடுகின்றன. முக்கியமான விஷயமே இதுதான். சீனப் பள்ளியில் படிக்கும் பிள்ளை எட்டு வயதில் பந்தைத் தொடுகிறது. நம் பிள்ளை தேசிய இடைநிலைப்பள்ளிக்குப் போன பிறகு, 13 வயதில் முதல்முறை தொடுகிறது. பள்ளி அணித் தேர்வில் இரண்டு பேரும் பக்கத்தில் நிற்கும்போது யார் தேர்வாவார் என்று சொல்லத் தேவையில்லை. நம் பிள்ளை அன்றே மனம் விட்டுப்போய் வீட்டுக்கு வருகிறது. அந்த ஐந்து ஆண்டு இடைவெளியை மூடாமல் தேசிய அணியில் தமிழ்ப் பெயரை எதிர்பார்ப்பது நியாயமில்லை.

முழு அணி சேர்க்க ஆள் போதாத பள்ளிகளுக்கு மூவர் கூடைப்பந்து இருக்கிறது. பாதித் திடல், ஒரே கூடை, அணிக்கு மூவரும் மாற்று ஆள் ஒருவரும். தோக்கியோ ஒலிம்பிக்கிலிருந்து அது ஒலிம்பிக் ஆட்டம். 2022 முதல் 2025 வரை நான்கு ஆண்டும் ஃபிபாவின் மூவர் ஆசியக் கோப்பை சிங்கப்பூரில்தான் நடந்தது. ஜொகூர் பாருவிலிருந்து கடற்பாலத்தைத் தாண்டினால் போதும், ஆசியாவின் தலைசிறந்த ஆட்டக்காரர்களை நம் பிள்ளைகள் நேரில் பார்க்கலாம். பெரியகுளத்துச் சிறுவனுக்குக் கிடைக்கும் அந்தப் பேறு நமக்கும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. அடுத்த முறை சிங்கப்பூரில் இப்படி ஒரு போட்டி அறிவிக்கப்பட்டால் ஒரு பேருந்து ஏற்பாடு செய்து பிள்ளைகளை அழைத்துப் போக நம் இயக்கங்களால் முடியாதா? கோயில் திருவிழாவுக்கும் குடும்ப நாளுக்கும் பேருந்து பிடிக்கிறவர்கள்தானே நாம்.

மலேசியக் கூடைப்பந்துச் சங்கத்திடமும் ஒரு வேண்டுகோள் உண்டு. ஜொகூரில் பயிற்சியாளர்கள் இருக்கிறார்கள், சீனப் பள்ளிகளில் அனுபவம் வாய்ந்த ஆசிரியர்கள் இருக்கிறார்கள். வாரத்தில் ஒரு நாள் பக்கத்துத் தமிழ்ப்பள்ளிக்கும் மலாய்ப் பள்ளிக்கும் அவர்களை அனுப்பினால் தேசிய அணிக்குத் தேர்ந்தெடுக்க ஆட்கள் பல மடங்கு கூடுவார்கள். இதில் தமிழ்ப்பிள்ளைகளுக்கு எவ்வளவு நன்மையோ அவ்வளவு நன்மை தேசிய அணிக்கும். பிலிப்பைன்ஸையும் இந்தோனேசியாவையும் வட்டாரச் சுற்றில் எதிர்கொள்ள நாட்டின் எல்லாப் பிள்ளைகளும் வேண்டும்.

பெற்றோர் ஆசிரியர் சங்கங்களின் ஆண்டுக் கூட்டம் நடக்கும்போது இதைப் பொருள்நிரலில் சேர்க்கச் சொல்லுங்கள். இரண்டு கூடைகள், பத்துப் பந்துகள், பயிற்சி எடுத்துக்கொள்ள முன்வரும் ஓர் ஆசிரியர். முதல் ஆண்டுக்கு இது போதும். அடுத்த ஆண்டு பக்கத்துப் பள்ளியை அழைத்து ஓர் ஆட்டம் வையுங்கள். சிகாமட்டிலோ கூலாயிலோ உங்கள் பள்ளி தொடங்கிவிட்டால் எங்களுக்கு எழுதுங்கள், அந்த ஆட்டத்தைப் பார்க்க நாங்கள் வருகிறோம்.